புதிதாக வந்த ஆமை சாப்பிடாவிட்டால்: தட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

1968 செப்டம்பரில் சோவியத் யூனியன் அனுப்பிய ஸோண்ட் 5 விண்கலத்தில் இரண்டு ரஷ்ய ஆமைகள் போயின. நிலாவைச் சுற்றிவிட்டு, செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலில் இறங்கிய கலத்தோடு உயிருடன் திரும்பின. உடல் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது. ஆனாலும் சுறுசுறுப்பாகவே இருந்தன, பசி மங்கவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதே இனத்து ஆமை ஒன்று, ஒரு மணி நேரப் பயணத்தில் புது வீட்டுக்கு வந்துவிட்டு, ஒரு வாரமாக இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலையில் கிடந்தால் வளர்ப்பவருக்கு அது புதிராகத்தான் இருக்கும்.

புதிரை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பதற்றம் பாதி குறையும். ஆமை எத்தனை நாள் சாப்பிடாமல் இருக்கும் என்பது ஒன்று. ஏன் சாப்பிடவில்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வரலாறு கொடுமையான ஒரு பதிலை வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் கலாபகோஸ் தீவுகளின் ராட்சத ஆமைகளைப் பிடித்து, கப்பலின் அடித்தளத்தில் இரையோ தண்ணீரோ கொடுக்காமல் மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்து, தேவைப்பட்டபோது இறைச்சிக்கு எடுத்தன. வளர்ந்த, நலமான ஆமைக்குச் சில நாள் பட்டினி உயிர் போகும் விஷயமில்லை. கவனமெல்லாம் இரண்டாவது கேள்வியில் இருக்க வேண்டும்.

அங்கேதான் பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கீரை பிடிக்கவில்லையா, வெள்ளரி கொடு. வெள்ளரியும் வேண்டாமா, தக்காளி, வாழைப்பழம், கடைசியில் டப்பாவில் வரும் ஆமைத் தீவனம். தட்டில் இருப்பது மாறிக்கொண்டே இருக்கிறது. தட்டைச் சுற்றியுள்ள எதுவும் மாறுவதில்லை. ஆமையின் உடல் போகும் வரிசை வேறு. முதலில் வெப்பம், பிறகு நீர், பிறகு பயம் தெளிதல். தீனி இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

வெப்பம்

நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆமையால் அது முடியாது. சுற்றுப்புறம் தரும் சூட்டில்தான் அதன் உடல் இயங்குகிறது. நடப்பது, பார்ப்பது, நோயை எதிர்ப்பது எல்லாமே அப்படித்தான், செரிமானம் இன்னும் கூடுதலாக. இலை தின்னும் ஆமைகள் நாரைத் தாங்களே செரிப்பதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. தின்றது வெளியே வருவதற்கு நாரின் அளவையும் சூட்டையும் பொறுத்துச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். உடல் குளிர்ந்திருக்கும்போது வயிற்றை நிரப்பினால் அந்த இலை செரிக்காமல் உள்ளேயே தங்கிக் கெடும். குளிரில் இருக்கும் ஆமை இரையை மறுக்கிறது என்றால் அது அடம் பிடிக்கவில்லை, தன் குடலைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சிக்கல் என்னவென்றால், நமக்கு இதமான அறை ஆமையின் விஷயத்தில் நம்மை ஏமாற்றும் ஒரு நடு நிலை. 22, 23 டிகிரியில் அது விழித்திருக்கும், கொஞ்சம் நடக்கும், கண்ணைத் திறந்து பார்க்கும். ஆனால் இரை எடுக்கும் அளவுக்கு உள்சூடு ஏறாது. 'நன்றாக நடமாடுகிறது, ஆனால் சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறது' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வெயில் காயும் இடத்தில் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. மீதிப் பேர் சுவரில் ஒட்டிய வெப்பமானியைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

ஆமையின் முதுகு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், விளக்குக்கு நேர் கீழே அளக்க வேண்டும். ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை, ரஷ்ய ஆமை போன்றவற்றுக்கு அந்த இடம் 32 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம். பெட்டியின் மறுமுனை 22 முதல் 25 டிகிரி வரை. ஆப்பிரிக்க ஆமைகளான சுல்கட்டாவும் சிறுத்தை ஆமையும் வெப்பம் விரும்பிகள். இரவிலும் அவற்றை அதிகம் குளிர விடக்கூடாது. செங்கால் ஆமை காட்டு நிழலில் வாழ்வது. அதற்கு ஒரு மூலையில் கொளுத்தும் விளக்கைவிட, இடம் முழுவதும் 27 முதல் 30 டிகிரி வரையிலான ஈரமான சூடு ஒத்துப்போகும். எந்த இனமானாலும் சூட்டிலிருந்து நகர்ந்து போக ஒரு குளிர்ந்த பக்கம் கட்டாயம் வேண்டும். கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைப்பது உள்ளே இருக்கும் விலங்கை வேகவைப்பதற்குச் சமம். சில நிமிடங்களில் ஆமை செத்துப்போன சம்பவங்கள் உண்டு. சூடு மிஞ்சினாலும் இரை நின்றுபோகும், அதையும் மறந்துவிடக் கூடாது. பகல் முழுவதும் மண்ணுக்குள் புதைந்தே கிடக்கும் ரஷ்ய ஆமை குளிருக்காகத்தான் அப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சூடு மேலிருந்து வர வேண்டும். இயற்கையில் வெயில் அப்படித்தான் விழுகிறது, முதுகு ஓடும் அதை வாங்கிக்கொள்ளவே அமைந்திருக்கிறது. அடியில் வைக்கும் சூட்டு விரிப்புகளும் சூட்டுக் கற்களும் வயிற்றுப்புறத்தைச் சுட்டுவிடும். சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டிக் கீழே போவது ஆமையின் பிறவி வழக்கம். விரிப்பு இருக்கும் பெட்டியில் கீழேதான் சூடு அதிகம்.

விளக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆமைகளுக்கு நம்மைவிட நிறப் பார்வை அகலமானது, புற ஊதாவின் ஒரு பகுதியையும் அவற்றால் பார்க்க முடியும். மங்கிய மஞ்சள் பல்பின் கீழ் நமக்குப் பச்சையாகத் தெரியும் இலை அவற்றுக்கு எப்படித் தெரியும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். வெளிச்சம் பளிச்சென்று, பகல் போல, 12 முதல் 14 மணி நேரம் இருந்தால் பசி எழுகிறது என்பது வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது. கால்சியம் எலும்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதை உடல் தயாரிக்க 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான யூவிபி எனும் புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. யூவிபி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் 6 முதல் 12 மாதத்தில் அதன் யூவிபி வலு தேய்ந்துவிடும். முதல் வாரப் பட்டினிக்கு இது காரணமாக இருப்பது அரிது. முந்தைய இடத்தில் மாதக்கணக்கில் யூவிபி இல்லாமல் வளர்ந்து, எலும்பும் தாடையும் பலம் குன்றி வந்திருக்கும் குட்டிக்கு மட்டும் இதுவே முழுக் காரணமாகவும் இருந்துவிடலாம். ஓட்டை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிறந்து சில மாதமே ஆன குட்டியின் ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வளர்ந்த ஆமைக்கு அது வளையவே கூடாது.

நீர்

ஆமை உங்கள் கைக்கு வருவதற்கு முன் என்னென்ன கடந்து வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். இனப்பெருக்கம் செய்பவரிடமிருந்து நேரடியாக வந்தது என்றால் கதை சின்னது. காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக இருந்தால், பைகளிலும் பெட்டிகளிலும் அடைபட்டு, இடைத்தரகர் மாறி மாறி, வாரக்கணக்கில் நீரும் இரையும் ஒழுங்காகக் கிடைக்காமல் வந்திருக்கும். ஹெர்மன், கிரேக்க ஆமை போன்ற மத்தியதரைக் கடல் ஆமைகளின் வணிக இறக்குமதியை ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பு) 1984இல் தடை செய்தது, அதற்கு முன் ஆண்டுதோறும் ஏராளமாக வந்து இறங்கிய ஆமைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததைக் கண்ட பிறகுதான். இந்திய நட்சத்திர ஆமை 2019இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு, அதாவது சர்வதேச வணிகமே கூடாது என்ற நிலைக்கு, உயர்த்தப்பட்டதற்கும் கடத்தல்தான் காரணம். வாங்கும்போது ஆவணம் கேட்பது சட்டத்துக்காக மட்டுமில்லை. காட்டில் பிடித்த ஆமை ஒட்டுண்ணிச் சுமையோடும் உடல் வற்றியும் வரும். அதுதான் இரையை மறுப்பதில் முன்வரிசையில் நிற்கும்.

உடலில் நீர் வற்றிய ஆமைக்குப் பசி வராது. அதன் சிறுநீர்ப்பை ஒரு சேமிப்புத் தொட்டி போல வேலை செய்கிறது, வறண்ட காலத்தில் அதிலிருந்து நீரை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பும் தீரும்போது கழிவாக வெளியேறும் யூரேட் வெண்களிம்பு கெட்டியாகி, விரலில் தேய்த்தால் மணல் போல நெருடும். மிருதுவாக, தயிர் மாதிரி வந்தால் பரவாயில்லை. கண் உள்வாங்கியிருப்பதும், கழுத்துத் தோல் கிள்ளினால் மெதுவாகத் திரும்புவதும் அடுத்த கட்ட அறிகுறிகள்.

இதற்கு வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான நீரில், 30 டிகிரியை ஒட்டிய சூட்டில், ஒரு தட்டையான பாத்திரத்தில் 15, 20 நிமிடம் நிற்க விடுவது. மேல் ஓடும் அடி ஓடும் சேரும் இடம் வரை நீர் இருந்தால் போதும். தலையை நீட்டாமலே மூக்கு நீருக்கு மேல் இருக்க வேண்டும். ஆமைகள் நாயைப் போல நக்கிக் குடிப்பதில்லை. தலையைத் தாழ்த்தி முகத்தை நீரில் அமிழ்த்தி உறிஞ்சும். அது முழுகுகிறதோ என்று பயந்து தூக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தொண்டை மெல்ல ஏறி இறங்குவது தெரிந்தால் அது குடித்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். அந்த நீரிலேயே மலமும் யூரேட்டும் கழிக்கும், அதுவும் நல்லதுதான். குட்டிகளுக்கும் புதிதாக வந்தவற்றுக்கும் முதல் இரண்டு வாரம் தினமும் இதைச் செய்யலாம். நீர் ஆறிக்கொண்டே போனால் பாதியில் சூடு சேர்க்க வேண்டும். ஆறிய நீரில் நிற்க வைத்தால் முதல் பகுதியில் சொன்ன பிரச்சினையை நாமே உண்டாக்கியது ஆகும்.

குளியல் முடிந்து, துடைத்து, சூட்டு விளக்கின் கீழ் விட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து இரையை வைப்பது பலன் தரும் நேரம். காலையிலேயே இதை முடித்துக்கொண்டால், தின்றதைச் செரிக்கப் பகல் முழுவதும் சூடு கிடைக்கும்.

பயம்

காட்டில் ஒரு ஆமைக்குத் தன் வட்டாரம் அத்துபடி. எந்தப் புதருக்கு அடியில் நிழல், எங்கே காலை வெயில் முதலில் விழும், எந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும் எல்லாம் தெரியும். அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் இரையை அது நினைப்பதற்கு முன் எல்லையைத் தேடுகிறது, ஒளிய இடம் தேடுகிறது. கண்ணாடித் தொட்டியில் எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் ஒரே பக்கத்தில் மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நடக்கும் ஆமைக்குச் சாப்பிட நேரம் ஏது? வெளிப்புறத்தில் அடிப்பகுதி நெடுக காகிதம் ஒட்டி மறைத்தால் பல ஆமைகளுக்கு இது அன்றைக்கே அடங்கிவிடுகிறது.

ஒளிய ஓரிடம் கட்டாயம். கவிழ்த்த மண்தொட்டி, வாசல் வெட்டிய மரப்பெட்டி, கனமான இலைச் சருகு எதுவும் சரி. அதை எடுத்துவிட்டால் ஆமை வெளியே வந்து நம்மோடு பழகும் என்ற யோசனை நேர்மாறாகத்தான் வேலை செய்யும். குட்டிகள் திறந்த வெளியில் இரை எடுக்கவே தயங்கும். பறவைகளுக்கு அவை ஒரு வாய் இரை என்பது அவற்றின் பிறவி ஞானம். தட்டை ஒளிவிடத்தின் வாசலுக்கு அருகே, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள்.

முதல் பத்து நாள் குளியலுக்கும் எடை பார்க்கவும் தவிரத் தூக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டுவது, பிள்ளைகள் கையில் கொடுப்பது, வீடியோ எடுப்பது, இதெல்லாம் பிறகு. இரையை வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்து உற்றுப் பார்ப்பதும் ஒரு தொந்தரவுதான். வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். பாதி இலையில் கடித்த பிறை தெரிந்தால் தகவல் கிடைத்துவிட்டது.

ஏற்கெனவே வீட்டில் ஆமை இருந்தால் புதியதை அதோடு விடக் கூடாது. ஆமைகளின் அடாவடி சத்தமில்லாதது. ஒன்று மற்றொன்றைக் கடிக்காமலே, தட்டின் மேல் உட்கார்ந்தும் விளக்கடியை மறித்தும் பட்டினி போட்டுவிடும். பார்ப்பவருக்கு இரண்டும் நெருங்கிப் படுத்திருப்பது பாசமாகத் தெரியும். இன்னொன்று நோய். கிரேக்க ஆமைகள் ஹெர்பிஸ் வைரஸை வெளியே தெரியாமல் சுமந்து திரியலாம்; அதே வைரஸ் ஹெர்மன் ஆமைகளைக் கொன்றுவிடும். தனி அறை, தனிப் பாத்திரம், தொட்டபின் கைகழுவல் என்று மாதக்கணக்கில் பிரித்து வைப்பதுதான் முறை.

தட்டு

இதையெல்லாம் சரிசெய்த பிறகு தட்டுக்கு வரலாம். முதலில், முந்தைய இடத்தில் என்ன தின்றது என்று கேளுங்கள். வெறும் லெட்டூஸும் வெள்ளரியும் தின்று வளர்ந்த ஆமைக்கு மற்ற எந்த இலையும் தீனியாகத் தெரியாது. அதைப் பட்டினி போட்டுத் திருத்துவது புதிதாக வந்த நேரத்துக்கு ஒத்துவராது. பழகிய இரை மோசமானதே ஆனாலும் முதல் வாரம் அதையே கொடுத்து, பிறகு நல்ல இலைகளைப் பொடியாக நறுக்கி அதில் கலந்து, நாள்போக்கில் விகிதத்தை மாற்றிக்கொண்டு போகலாம். பிரிக்க முடியாத அளவுக்குப் பொடியாக நறுக்குவதுதான் இதில் சூட்சுமம். பெரிய துண்டாக இருந்தால் வேண்டியதை மட்டும் கொத்திவிட்டுப் போய்விடும்.

இனம் தெரியாமல் இரை பேச முடியாது. சுல்கட்டா, சிறுத்தை, நட்சத்திர ஆமைகள் புல் மேய்பவை. மத்தியதரைக் கடல் ஆமைகளும் ரஷ்ய ஆமையும் அகன்ற இலைக் களைகளைத் தேடித் தின்பவை. செங்கால் ஆமை மட்டும் இலையோடு பழம், காளான், அவ்வப்போது கொஞ்சம் மாமிசம் என்று கலந்து உண்ணும். செங்காலுக்குப் பழுத்த பழத்துண்டு இயல்பான தூண்டில். அதே பழம் மற்ற ஆமைகளின் பெருங்குடலில் சர்க்கரையைக் கொட்டி நுண்ணுயிர்ச் சமநிலையைக் கலைத்து, வயிற்றுப்போக்கிலும் ஒட்டுண்ணிப் பெருக்கத்திலும் கொண்டுபோய் விடும். 'வேறெதுவும் சாப்பிடவில்லை, வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டது' என்று சொல்லும்போது பிரச்சினை தீரவில்லை, இன்னொன்று தொடங்கியிருக்கிறது.

பசியைக் கிளப்புவதில் நிறமும் மணமும் நன்றாக உதவும். சிவப்பும் மஞ்சளும் ஆமைகளின் கண்ணை இழுக்கும். செம்பருத்திப் பூ, டேண்டெலியன் பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், முசுக்கொட்டை இலை, செம்பருத்தித் தளிர் ஆகியவற்றைப் பல பிடிவாதக்கார ஆமைகளும் மறுப்பதில்லை. பூச்சிமருந்து படாதவையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இலையில் நீர் தெளித்து ஈரமாக வைப்பதும், கசக்கி மணம் எழச் செய்வதும் பலன் தரும். குட்டி சுல்கட்டாவுக்குக் காய்ந்த புல்லை முழுசாகப் போட்டால் அதன் தாடைக்கு அது எட்டாது. சன்னமாக வெட்டி ஊறவைத்துத் தர வேண்டும். மணல் பரப்பின் மேல் இரையைப் போடாமல் தட்டைக் கல்லிலோ ஓட்டிலோ வையுங்கள். மணலும் சரளையும் இலையோடு உள்ளே போய்க் குடலை அடைத்துக்கொண்டால், சாப்பிடாததற்கு அதுவே புதுக் காரணமாகிவிடும். அவகாடோவும் ருபார்ப் இலையும் நஞ்சு. நாய், பூனைத் தீவனத்துக்கு இலை தின்னும் ஆமையின் தட்டில் வேலையில்லை.

பருவம்

சில மறுப்புகளுக்கு நாள்காட்டியே விளக்கம் தந்துவிடும். ரஷ்ய ஆமை தன் வறண்ட புல்வெளியில் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதம்தான் வெளியே நடமாடுகிறது. மீதியெல்லாம் குளிர்காலத் தூக்கம், கோடைத் தூக்கம். பகல் நீளம் குறையத் தொடங்கியதும், அறை சூடாக இருந்தாலும், மத்தியதரைக் கடல் ஆமைகளும் இரையைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வாங்கி வந்தவர் விளக்கு நேரத்தை நீட்டி, சூட்டை உயர்த்தி விழிப்பில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. உடல்நிலை தெரியாத ஆமையை முதல் ஆண்டே தூங்க விடக் கூடாது. சுல்கட்டா, சிறுத்தை, நட்சத்திரம், செங்கால் ஆகியவை குளிர்காலத் தூக்கம் தூங்காதவை. அவை சாப்பிடாதபோது 'பருவம்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை.

தூக்கத்திலிருந்து எழுந்த ஆமை, சூடும் குளியலும் கிடைத்தபின் ஒரு வாரத்துக்குள் இரை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். நீண்ட தூக்கத்துக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்து, நீர் வற்றி, ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும் இந்த நிலையில் தானாகச் சரியாகும் என்று காத்திருப்பது ஆபத்து.

பெண் ஆமை இரையை நிறுத்திவிட்டு, அமைதியில்லாமல் உலாத்தி, பின்னங்காலால் மண்ணைப் பறித்தால் முட்டையை யோசியுங்கள். ஆண் துணை இல்லாமலும் முட்டை உருவாகும். முந்தைய வீட்டில் சேர்ந்த விந்தணுவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடச் சேமித்து வைத்திருக்கும் திறனும் உண்டு. ஆழமான, லேசாக ஈரமான மண் கிடைத்தால் பெரும்பாலும் இட்டுவிடும். இடாமல் தளர்ந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சாப்பிட விரும்பியும் முடியாதவை

இரையின் அருகே வந்து, முகர்ந்து, வாயைத் திறந்து, கடிக்காமல் திரும்புகிற ஆமை வேறு ரகம். அதற்குப் பசி இருக்கிறது. அலகு நீண்டு வளைந்திருக்கலாம், வாய்க்குள் மஞ்சள் பாலாடைக்கட்டி போன்ற படலம் படிந்த வாய்ப்புண் இருக்கலாம், கண்ணிமை வீங்கி மூடியிருக்கலாம். மூக்கில் சளி அடைத்திருந்தால் மணம் தெரியாது. மணம் தெரியாத ஆமைக்கு இலை இலையாகவே படாது.

மூக்கில் குமிழ் விடுவதைச் சாதாரணச் சளி என்று ஒதுக்கக் கூடாது. ஆமைக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் இல்லை, அதனால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நுரையீரலில் இறங்கியது அங்கேயே தங்கும். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விடுவதும், மூச்சில் விசில் கேட்பதும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். சிறுநீர்ப்பைக் கல், குடல் அடைப்பு, வட்டப்புழு, ஊசிப்புழுச் சுமை ஆகியவை வெளியே தெரியாதவை. எக்ஸ்ரேயும் மலப் பரிசோதனையும் இல்லாமல் யாரும் சொல்லிவிட முடியாது.

எப்போது வரை காத்திருப்பது?

நாளை எண்ணுவதைவிட எடையை எழுதி வைப்பது நம்பகமானது. ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் சமையலறைத் தராசு போதும். வந்த அன்றே ஒரு எடை, அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, எப்போதும் குளியலுக்கு முன். குடித்த நீரும் கழித்த மலமும் எடையை ஏற்றி இறக்கும் என்பதால் ஒரு நாள் மாற்றத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், போக்கைப் பாருங்கள். சூடு, நீர், ஒளிவிடம் எல்லாம் சரியாக இருந்து, எடை நிலையாக இருக்கும் வளர்ந்த ஆமைக்கு ஒன்று, இரண்டு வாரம் கொடுக்கலாம். எடை 10 சதவீதத்தை நெருங்கிக் குறைகிறது என்றால் நாள் கணக்கே தேவையில்லை, மருத்துவரிடம் போக வேண்டியதுதான். குட்டிகளிடம் சேமிப்பு மிகக் குறைவு. பொரித்த சில நாள் மஞ்சள்கரு மிச்சத்தில் ஓடும் காலத்தைத் தவிர, மூன்று நான்கு நாள் தொடர்ந்து எதுவும் எடுக்காத குட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பது சூதாட்டம்.

ஊர்வன பார்க்கும் மருத்துவரைத் தேடிப் போவது அலைச்சல்தான், ஆனால் அதற்குக் காரணம் உண்டு. நாய், மாட்டுக்குச் சர்வ சாதாரணமாகப் போடும் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன. 'சாப்பிடவில்லையா, ஒரு வைட்டமின் ஊசி' என்பதும் அப்படித்தான்: வைட்டமின் ஏ ஊசி அளவு மீறினால் நில ஆமைகளுக்குத் தோல் உரிந்து புண்ணாகும்.

வாயைப் பிளந்து இரையைத் திணிப்பது வீட்டில் செய்யும் காரியமல்ல. குளிர்ந்து, நீர் வற்றிய உடலுக்குள் உணவைத் தள்ளினால் அது செரிக்காது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று சத்தை ஏற்றினால் ரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து அதுவே உயிரைப் பறிக்கும். மருத்துவர்களும் முதலில் உடலைச் சூடாக்கி, அடுத்து நீரேற்றி, அதன்பிறகே குழாய் வழியாக நீர்த்த உணவை, குறைந்த அளவில் தொடங்குவார்கள். தேவைப்பட்டால் கழுத்து வழியாக உணவுக்குழாயில் குழாய் பொருத்தி வாரக்கணக்கில் ஊட்டுவதும் உண்டு. அதைப் பார்க்கப் பயமாக இருந்தாலும், தினமும் தலையை இழுத்து வாயைத் திறப்பதைவிட ஆமைக்கு அது குறைந்த வேதனை.

முதல் கடி விழுந்தபின் கைவிட வேண்டாத வேலைகள் கொஞ்சம் இருக்கின்றன. அது சாப்பிட்டது எதுவாக இருந்தாலும் சந்தோஷத்தில் தட்டை நிரப்பிவிடாதீர்கள், இரண்டு மூன்று நாள் சிறிதாகவே போகட்டும். முதலில் வரும் மலத்தைக் காயவிடாமல் சுத்தமான டப்பாவில் எடுத்து அன்றே பரிசோதனைக்குக் கொடுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு விளக்கின் நேரத்தையும் பெட்டியின் அமைப்பையும் தொடாமல், புது இலை வகைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு வரலாம்.